ஐம்பது லக்ஸ்

தோகாவில், தேசிய நூலகத்தின் நடுவே
தோண்டியெடுத்த ஊர்போலக் கீழிறங்கும் கல் அறைகளில்
நாளை மறுநாள் கண்காட்சி.
நான் விளக்குக்காரன்.
பழைய தாள் எவ்வளவு வெளிச்சம் தாங்கும் என்பதற்குத்தான்
எனக்குச் சம்பளம்.

ஐம்பது லக்ஸ். அதற்குமேல் ஒரு பொட்டு கூடாது.
மீட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு
பெட்டி பெட்டியாகப் போகிறேன்.
வளைகுடாவைக் குறுக்கே வாய்க்கால் அளவுக்குச் சுருக்கியவன்,
இந்த நிலத்தை வரையவே மறந்துபோனவன்,
கரை எதுவும் போடாமல்
காற்றுகளின் பெயர்களை மட்டும் எழுதிவைத்த மாலுமி.
எல்லாருக்கும் ஒரே வெளிச்சம்.

ஏழாம் பெட்டியில் ஒரு கணக்குப் புத்தகம்.
முத்துக்குளிக்கப் போன படகு ஒன்றின் பற்றுவரவு.
உப்புத் தண்ணீர் குடித்து ஊதிய அட்டை.
வலமிருந்து இடமாக:
பேர், அரிசி, பேரீச்சை, முன்பணம், மீதி.

எழுத்து எனக்குத் தெரியாது. எண் தெரியும்.
வந்த புதிதில் கார் நம்பரில் வட்டத்தைப் பார்த்து
சைபர், சைபர் என்று வாசித்து
அறை முழுக்கச் சிரிப்பு வாங்கியிருக்கிறேன்.
இங்கே வட்டம் ஐந்து.
சைபர் வெறும் புள்ளி.

தெரிந்துமென்ன,
கடைசிக் கட்டத்தில் வட்டத்தைக் கண்டதும்
அப்பாடா, அடைத்துவிட்டான் என்று
முகம் தெரியாதவனுக்காக ஒரு நொடி மகிழ்ந்தேன்.
அப்புறம் கண் இந்த ஊருக்குத் திரும்பியது.
ஐந்து ரூபாய் பாக்கி.
(அன்றைக்கு இங்கேயும் நம் ரூபாய்தான்.)
அதற்கும் அப்புறம்
வட்டத்தின் வலது பக்கத்தில்
ஒரு புள்ளி.

ஹெஸ்ஸா மேடம் லென்ஸ் வைத்துப் பார்த்து
"ஐம்பது" என்றார்.
தாளுக்கு வைத்தியம் பார்க்கும் ரீமா
"ஈ" என்றாள்.
"பேரீச்சைப் பாகு ஒட்டிய விரலால் புரட்டிய ஏடு.
ஓரம் முழுக்க ஈ எச்சம், பாருங்கள்."
"விளக்கைச் சாய்த்துப் பிடி" என்றார்கள் என்னிடம்.
பிடித்தேன், தாளோடு தாளாக.
எச்சம் என்றால் மேடு தட்டும்.
தட்டியது.
ஆனால் அந்தக் குமாஸ்தா
மையையும் மேடாகத்தான் அப்பியிருந்தான்.

இரவு எட்டு மணி.
ஒரு ஈ இளைப்பாறிய இடமா,
ஒரு மனிதன் இன்னும் எத்தனையோ கோடை
மூச்சடக்கி இறங்க வேண்டிய கணக்கா?
மூன்று பேர், ஒரு விளக்கு, ஒரு லென்ஸ்,
எங்களால் சொல்ல முடியவில்லை.

பேர் மப்ரூக். மற்றவர்களுக்கெல்லாம் தகப்பன் பேர் உண்டு.
இவனுக்கு அந்த இடம் காலி.
ஏன் என்று கேட்டேன்.
ஹெஸ்ஸா மேடம் லென்ஸை உறையில் போட்டு
பொத்தானை மூடி
"மீதி எவ்வளவானாலும் அவன் கைக்கு வந்திருக்காது" என்றார்.
அப்புறம் பேசவில்லை.

எனக்கும் ஒரு நோட்டு இருக்கிறது,
திருப்பத்தூரில், ஏஜெண்ட் மேசையில்.
அங்கே எத்தனை ஈ உட்கார்ந்தாலும் பயமில்லை.
நம் சைபரைப் போட
ஒரு முழுக் கை சுற்ற வேண்டும்.
சுற்றத் தெரிந்த கை அவனுடையது.

விளக்க அட்டையில்
"மீதி: ஐந்து அல்லது ஐம்பது" என்று எழுதினார்கள்.
சுவரில் 'அல்லது' நன்றாக இல்லை என்று
மேலிருந்து ஒரு மெயில்.
இப்போது அட்டையில் இருப்பது
நீளம், அகலம், உத்தேச வருடம்.

திறந்த மூன்றாம் நாள்
ஒரு பெரியவர் ஏழாம் பெட்டியில் வெகுநேரம் குனிந்திருந்தார்.
உதடு அசைந்தது. எண்ணினாரோ, படித்தாரோ.
ஒரு விரலைக் கண்ணாடியில் வைத்து
அழுத்தினார், பொத்தானை அழுத்துவதுபோல.
எதுவும் நடக்கவில்லை. போய்விட்டார்.

காலையில் பெட்டி துடைப்பதும் என் வேலைதான்.
வட்டத்துக்கு வலப்பக்கம், சரியாக அதே இடத்தில்,
எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு ரேகை.
துணியை மடித்துத் துடைத்தேன்.
ரேகை போயிற்று.
புள்ளி கண்ணாடிக்கு அந்தப் பக்கம்.

மீட்டரை நீட்டினேன்.
ஐம்பது.